வரப்பை எடுத்தால் விவசாயம் பிழைக்குமா?

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், அப்புறம் ஊரில் இருக்கும் நிலத்தின் பட்டா. ஊர் பொன்னேரியாக இருக்கலாம், ஊத்துக்கோட்டையாக இருக்கலாம், செய்யாறு, வந்தவாசியாகவும் இருக்கலாம். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கும். இல்லையென்றால் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்த கூட்டுப் பட்டா. இவர் பங்குக்கு வருவது முப்பது சென்ட், நாற்பது சென்ட். உழுவது வேறு யாரோ. பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி வந்தால் உண்டு.

சிறு பண்ணைகளை ஒன்றாக்கிப் பெரிதாக்கினால்தான் விவசாயம் உருப்படும், அதை அரசே ஊக்குவிக்க வேண்டும் என்று ஒரு வாதம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதைக் கேட்கிறவர்கள் இது கிராமத்து விவகாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் திட்டம் வந்தால் முதலில் கைவைப்பது மேலே சொன்ன கவரில்தான். ஆகவே வடசென்னையில் உட்கார்ந்து இதை யோசிப்பது ஒன்றும் தப்பில்லை.

முதலில் நிலவரம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 79.38 லட்சம் பண்ணைகள். சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1.85 ஏக்கர். 1970-71-ல் இது 1.45 ஹெக்டேராக இருந்தது. அதே காலத்தில் அகில இந்திய சராசரி 2.28-லிருந்து 1.08 ஹெக்டேருக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு ஹெக்டேருக்குக் கீழே உள்ள குறு, சிறு விவசாயிகளின் பண்ணைகள்தான் தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பதுக்கு மேல். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடுகளை வைத்துப் போடப்படுவது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் ஒருவர், வயலில் வேறொருவர் என்றிருக்கும் ஊரில், காகிதம் காட்டும் பண்ணையும் வயலில் நடக்கும் பண்ணையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெரிய பண்ணை வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அறுவடை மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நெல் அறுக்க ஆள் கிடைப்பதில்லை, மெஷின்தான். வயல் ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. வாடகை மணிக்கணக்கு. நீளமான வயலில் வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். இருபது சென்ட் துண்டில் அது ஓடுவதைவிடத் திரும்புவதே அதிகம். மூலையில் நிற்கும் கதிரை அரிவாளால்தான் அறுக்க வேண்டும். அடுத்த துண்டுக்குப் போக வரப்பை வெட்டிவிட்டு, அறுத்து முடித்தபின் மறுபடி கட்ட வேண்டும். பக்கத்து வயல்காரர் இன்னும் அறுக்கவில்லை என்றால் உள்துண்டுக்கு வண்டி போக வழியே கிடையாது. அவர் அறுக்கும்வரை காத்திருக்க வேண்டும், மழை காத்திருக்காது. இந்தச் செலவுக்கெல்லாம் எந்த மானியமும் கிடையாது, எந்தக் கணக்கிலும் அது தனியாக வருவதும் இல்லை.

விற்கப் போனாலும் இதே கதைதான். செங்குன்றத்து நெல் மண்டிகளும் அரிசி ஆலைகளும் லோடு கணக்கில் பேசும் இடம். ஓர் ஏக்கர் நன்றாக விளைந்தால் 75 கிலோ மூட்டை 25-லிருந்து 30 வரும்; இரண்டு டன்னை ஒட்டி. ஒரு லாரிக்குப் பத்து டன்னாவது வேண்டும். ஆக, ஐந்தாறு பேர் நெல் சேர்ந்தால்தான் ஒரு லோடு. அந்த ஐந்தாறு பேரையும் சேர்ப்பவர் தரகர். சும்மா சேர்ப்பாரா? எடை, ஈரப்பதம், சாக்கு, ஏற்றுகூலி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார். அவரைத் திட்டிப் பயனில்லை. யாராவது செய்ய வேண்டிய வேலையை அவர் செய்கிறார்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2024-25 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதா ரகம் ₹2,405, சன்ன ரகம் ₹2,450. முப்பது மூட்டை என்றால் 22.5 குவிண்டால், சாதா ரகத்துக்கு ₹54,000 சொச்சம். உழவு, விதை, நடவு, களை, உரம், மருந்து, மெஷின் எல்லாம் போகப் பாதி மிஞ்சினாலே பெரிய விஷயம். நாலைந்து மாத உழைப்புக்கு மிஞ்சுவது, மணலியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவரின் இரண்டு மாதச் சம்பளத்தை ஒட்டி வரும். 2018-19-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில் இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ₹10,218. அதில் பயிரிலிருந்து வந்தது ₹3,798. கூலி, சம்பளத்திலிருந்து வந்தது ₹4,063. விவசாயக் குடும்பம் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது கூலியில் கூடுதலாகவும் விவசாயத்தில் குறைவாகவும் சம்பாதிக்கும் குடும்பம்.

சரி, அப்படியானால் சேர்த்துவிட வேண்டியதுதானே?

இங்கேதான் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஏக்கருக்கு எவ்வளவு விளைகிறது என்பது ஒன்று. தலைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது இன்னொன்று. 1950-களில் இந்தியாவின் பல பகுதிகளில் எடுக்கப்பட்ட பண்ணை ஆய்வுகளில், பண்ணை சின்னதாக ஆக ஆக ஏக்கருக்கான விளைச்சல் கூடுவது தெரிந்தது. 1962-ல் அமர்த்தியா சென் இதற்குச் சொன்ன காரணம் எளிமையானது: சின்னப் பண்ணையில் உழைப்பது குடும்பம், அது மணிக்கணக்குப் பார்க்காது. கூலிக்கு ஆள் வைப்பவர் நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு அப்பாலும் குடும்பம் இன்னொரு களை எடுக்கும். பசுமைப் புரட்சிக்குப் பிறகு இந்த வித்தியாசம் பல இடங்களில் சுருங்கிவிட்டது, மெஷின் வந்தபின் இன்னும் மாறியிருக்கிறது. ஆனால் பெரிதாக்கினால் நாட்டுக்கு அரிசி கூடும் என்று அடித்துச் சொல்ல இன்றும் ஆதாரம் போதாது.

மணலியில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலையிலிருந்து போகும் விஜய் யூரியா மூட்டையையே பாருங்கள். 45 கிலோ மூட்டைக்கு அரசு நிர்ணயித்த விலை எல்லோருக்கும் ஒன்றுதான். அரை ஏக்கர்காரர் அரை மூட்டை போடலாம், பத்து ஏக்கர்காரர் பத்து மூட்டை போடலாம். விதையும் அப்படியே. இவை பிரித்தால் பிரியும் பொருள்கள். பெரிய பண்ணைக்கு இதில் தனி ஆதாயம் இல்லை. பிரிக்க முடியாதவை டிராக்டர், அறுவடை மெஷின், போர்வெல், லாரி, சேமிப்புக் கிடங்கு. ஆகவே பெரிதாக வேண்டியது எது என்று பார்த்தால் இந்த ஐந்தும்தான் கண்ணில் படுகின்றன. நிலம் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது தலைக்கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பம் நெல்லை மட்டும் நம்பி ஓரளவு வாழ மூன்று ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் இன்றைய சராசரிக்கு அது நாலு மடங்கு. 79 லட்சம் பண்ணைகள் 20 லட்சமாக வேண்டும். நாலு குடும்பத்தில் மூன்று வெளியேற வேண்டும். பண்ணைகளை இணைப்பது என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் விஷயம் இதுதான். ஏறக்குறைய அறுபது லட்சம் குடும்பங்கள் எங்கே போகும்?

ஐரோப்பாவில் இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1968-ல் ஐரோப்பிய சமூகத்தின் வேளாண் ஆணையராக இருந்த சிக்கோ மான்ஷோல்ட் அங்கே ஒரு திட்டம் போட்டார்: சின்னப் பண்ணைகளை இணைக்க வேண்டும், சுமார் ஐம்பது லட்சம் பேர் விவசாயத்தை விட்டுப் போக வேண்டும், போகிறவர்களுக்கு ஓய்வூதியமும் பயிற்சியும் தர வேண்டும் என்று. 1971-ல் பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் விவசாயிகள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். கலவரத்தில் ஒருவர் இறந்தார். ஆலைகள் ஆள் தேடிக்கொண்டிருந்த, ஓய்வூதியம் கொடுக்கக் காசிருந்த நாடுகளில் நடந்தது இது.

நம் ஊரில் வெளியேறுகிறவர் வந்து இறங்கும் இடங்களில் ஒன்று வடசென்னை. பெரம்பூர் பின்னி மில்லுக்கு வந்த தலைமுறை அப்படி வந்ததுதான். ஊரில் ஒரு துண்டு நிலம், இங்கே ஷிப்ட் வேலை. 1996-ல் அந்த மில், அதாவது பக்கிங்காம் கர்நாடிக் மில், மூடியபோது ஊரில் நிலம் வைத்திருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இருந்த வித்தியாசத்தை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2020 ஊரடங்கிலும் அதே. வேலை நின்றதும் வண்டியைக் கட்டிக்கொண்டு போக ஓர் இடம் இருந்தவர் போனார். பி.எஃப். ஒழுங்காகக் கட்டாத காண்ட்ராக்ட் வேலை, மருத்துவச் செலவு, பெண் கல்யாணம், எல்லாவற்றுக்கும் கடைசி நம்பிக்கை அந்த முப்பது சென்ட். பொருளாதாரம் படித்தவர் அதை உபயோகமில்லாத குட்டிப் பண்ணை என்பார். வைத்திருப்பவருக்கு அது இன்சூரன்ஸ். அதைவிட நல்ல இன்சூரன்ஸை யாரும் அவருக்குத் தராதபோது அவர் ஏன் விற்க வேண்டும்?

விலையும் இன்னொரு முட்டுக்கட்டை. ஜி.என்.டி. சாலையில் மாதவரத்தில் கிரவுண்டு கணக்கில் பேசுவார்கள். புழல், செங்குன்றம் தாண்டி காரனோடை போகப் போகப் பேச்சு சென்டுக்கு மாறும். ஏக்கர் கணக்கு வர இன்னும் தூரம் போக வேண்டும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தபின் அந்த எல்லை இன்னும் தள்ளிப்போய்விட்டது. ஓர் ஏக்கர் என்பது 18 கிரவுண்டுக்குச் சற்று மேல் என்று மனக்கணக்குப் போடத் தெரிந்த ஊரில், நெல் விளைவித்து நிலத்தின் விலையை யாராலும் எடுக்க முடியாது. இங்கே ஒருவர் பக்கத்து நிலங்களையெல்லாம் வாங்கிச் சேர்க்கிறார் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது மனை போடப் போகிறார்? இணைப்புக்கு அரசு மானியம் கொடுத்தால் அதை முதலில் வந்து வாங்கிக்கொள்பவர் விவசாயியாக இருக்க மாட்டார். தவிர, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்ற நில உச்சவரம்புச் சட்டமும் 1970 முதல் இருக்கிறது. சேர்த்து வாங்கும் வழி அதோடு நிற்கும், நிற்கவும் வேண்டும்.

பண்ணை சின்னதாக இருப்பதும் துண்டு துண்டாகக் கிடப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஒன்றரை ஏக்கர் ஒரே இடத்தில் இருந்தால் மெஷினும் போர்வெல்லும் ஓரளவு கட்டுப்படியாகும். அதுவே ஏரி மதகடியில் முப்பது சென்ட், கடைமடையில் நாற்பது, மேட்டில் புஞ்சையாக எண்பது என்றால் கட்டுப்படியாகாது. அண்ணன் தம்பி நாலு பேர் பாகம் பிரிக்கும்போது, நல்ல நிலம் ஒருத்தனுக்கும் சொத்தை நிலம் ஒருத்தனுக்கும் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு வயலையும் நீளவாக்கில் நாலாகக் கிழிக்கிறார்கள். தண்ணீருக்காக எல்லோர் துண்டும் வாய்க்காலைத் தொட வேண்டும் அல்லவா? நியாயம்தான். இரண்டு தலைமுறையில் துண்டு ரிப்பன் மாதிரி ஆகிவிடுகிறது.

பஞ்சாபில் 1948 சட்டத்தின் கீழ் கிராமம் கிராமமாக நிலத்தை மறுபங்கீடு செய்தார்கள். அவரவர் நிலத்தின் மதிப்புக்கு ஈடான நிலம் கொடுத்தார்கள். சிதறிக் கிடந்தது ஒரே இடத்துக்கு வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறும் டிராக்டரும் வந்தபோது அது பெரிய அனுகூலமாகியது. உத்தரப் பிரதேசத்திலும் அதுபோலவே செய்தார்கள். தமிழ்நாட்டில் விவசாய நிலத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. இங்கே மண்ணும் தண்ணீரும் வயலுக்கு வயல் மாறும். சமவெளி பஞ்சாப் போலச் சம மதிப்புப் போடுவது கஷ்டம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பிரிக்கவே கூடாது என்று சட்டம் போட்ட மாநிலங்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்கு மூதாதையர் சொத்தில் பங்கு வந்தது. துண்டு போடக் கூடாது என்று தடை வந்தால் முதலில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி உட்கார வைக்கப்படுபவர் தங்கைதான்.

ஆனால் தடை போடாமலேயே அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாமல் நேர்மாறாகச் செய்துகொண்டிருக்கிறது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. அதுவே நானும் பக்கத்து வயல்காரரும் ஆளுக்கு நாற்பது சென்டை மாற்றிக்கொண்டு இருவர் நிலத்தையும் ஒரே கட்டாக்கப் பரிவர்த்தனைப் பத்திரம் போட்டால், விற்பனையைப் போலவே 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. வழிகாட்டி மதிப்பு எகிறிக் கிடக்கும் பொன்னேரி, சோழவரம் பக்கம் இது லட்சத்தைத் தொடும். கையில் காசு வராத ஒரு மாற்றத்துக்கு யார் இவ்வளவு கட்டுவார்கள்? வாய்வார்த்தையாக மாற்றிக்கொண்டு உழுகிறார்கள். அடுத்த தலைமுறையில் அது வழக்காகிக் கோர்ட்டுக்குப் போகிறது.

இனி முக்கியமான விஷயம். பண்ணைகள் ஏற்கெனவே சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு), போகியம் (கடனுக்கு ஈடாக நிலத்தை உழ விடுவது) என்று ஊரில் தங்கிவிட்ட ஒருவர் பட்டணம் போன ஏழெட்டுப் பேர் நிலத்தைச் சேர்த்து உழுகிறார். ஐந்தாறு ஏக்கர் அவர் கையில் இருக்கும். ஆனால் காகிதத்தில் எதுவும் கிடையாது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுகிறவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்தன. தஞ்சைப் பக்கத்துக் குத்தகை விவசாயிகள் ரத்தம் சிந்தி வாங்கிய பாதுகாப்பு அது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்று நிலத்துக்காரர் மிராசுதார் இல்லை, தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் லோடுமேன். பேரை எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று அவர் பயப்படுகிறார். எழுதுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்.

எழுதாததால் உழுகிறவருக்கு அடங்கலில், அதாவது கிராமத்தின் பயிர்ப் பதிவேட்டில், பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது பாடு, பயிர்க் காப்பீடு பாடு, கொள்முதல் நிலையத்தில் விற்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் பின்னால் சான்றுக்கு அலைய வேண்டும். மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகை வருஷத்துக்கு ₹6,000 பட்டாதாரர் கணக்குக்குப் போகிறது. உழுகிறவர் உரக்கடையிலும் மண்டியிலும் கடன் வாங்கி, அவர்களுக்கே நெல்லைக் கொடுக்கிறார். அடுத்த வருஷம் இந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாததால் வயலைச் சமப்படுத்த மாட்டார், எரு போட மாட்டார். பெரிய பண்ணையால் வரவேண்டிய ஆதாயம் முழுக்க இங்கேதான் ஒழுகிப் போகிறது. நிதி ஆயோக் 2016-ல் ஒரு மாதிரி குத்தகைச் சட்டம் கொடுத்தது: இருவரும் சம்மதித்து எழுதிய காலத்துக்குக் குத்தகை, காலம் முடிந்தால் நிலம் தானாக உரிமையாளரிடம் திரும்பும். பழைய குத்தகைதாரர்களின் பாதுகாப்பைத் தொடாமல், புதிதாக எழுதும் குத்தகைக்கு மட்டும் இதைத் தனிச் சட்டமாகக் கொண்டுவரலாம். சிறு பண்ணைகளை இணைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் அரசு தொட வேண்டிய இடம் இது.

தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை. 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. இருபது பேர் ஓர் ஆர்வலர் குழு, ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதற்கு ₹5 லட்சம் தொகுப்பு நிதி, மெஷின் வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசு 2020-ல் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று தொடங்கியது. யோசனை சரி: வரப்பு அப்படியே இருக்கட்டும், மெஷினும் விற்பனையும் சேரட்டும். இதற்கு நம் பக்கத்திலேயே பழைய உதாரணம் மாதவரம் பால் பண்ணை. ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் மாட்டை ஒன்று சேர்க்கவில்லை. இரண்டு மாடு வைத்திருப்பவரும் சங்கத்தில் ஊற்றுகிறார், கொழுப்பைப் பார்த்துக் காசு. நெல்லில் இது ஏன் அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை? பாலில் தினமும் வரவு. நெல்லில் பருவத்துக்கு ஒருமுறை. அந்த நாலு மாதத்துக்கு முன்பணம் கொடுப்பவர் மண்டிக்காரர். குழுவிடம் மெஷின் வாங்க ஐந்து லட்சம் இருக்கிறது, நூறு பேரின் நெல்லை அறுவடையன்றே காசு கொடுத்து எடுக்கப் பணம் இல்லை. அப்போது உறுப்பினரே தரகரிடம் போகிறார்.

இன்னொன்று நம்பிக்கை. 2023-ல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு, நீர்நிலைகள் உள்ளடங்கிய அரசு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்வது. அதை விவசாய அமைப்புகள் எதிர்த்தன. எண்ணூர், காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி வழியாக நிலம் போன கதையைப் பார்த்தவர்களிடம் அரசு அதிகாரி வந்து நிலத்தைச் சேர்ப்போம் என்றால் அவர்கள் காதில் அது வேறு மாதிரித்தான் விழும்.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்சியதன் விளைவு. உப்புத் தண்ணீருக்கு ஒரு ஏக்கரும் ஒன்றுதான், நூறு ஏக்கரும் ஒன்றுதான். அந்த ஊர்களில் பண்ணை அளவைப் பற்றிப் பேசுவதே வீண் வேலை.

ஜப்பான் 2014-ல் நில வங்கி என்று ஒன்றைத் தொடங்கியது. வயதானவர்கள், பட்டணம் போனவர்கள் நிலத்தை ஒரு பொது அமைப்புக்குக் குத்தகைக்கு விடுவார்கள்; அது பக்கத்துப் பக்கத்து நிலங்களாகச் சேர்த்து உழுகிறவருக்குக் கொடுக்கும். உரிமை மாறாது, வாடகை வந்துவிடும். எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை என்றாலும் யாரையும் விற்கச் சொல்லாத வழி. நம்மூரில் இதை ஒரு வருவாய் கிராமத்தில் செய்து பார்க்க முதலில் கூட்டுப் பட்டாக்களைப் பிரித்துத் தனிப்பட்டா கொடுக்க வேண்டும். அதற்குச் சர்வேயர் வேண்டும். விவசாயத்துக்காக மாற்றிக்கொள்ளும் நிலத்துக்கு முத்திரைத் தீர்வையைப் பாகப்பிரிவினை அளவுக்கு இறக்க வேண்டும். குறிப்பிட்ட வருஷங்களுக்கு மனை போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. குத்தகையை எழுதினால் நிலம் போகாது என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். இவ்வளவும் நடந்தபின் கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர் தன் முப்பது சென்டை விற்றுவிடத்தான் நினைக்கிறார் என்றால் விற்கட்டும். அதற்கு அரசு மானியம் எதுவும் தர வேண்டியதில்லை.